குழாயடிக் கோட்பாடு: காஞ்சிபுரத்தில் டூரிஸ்ட் வேன்கள் இராத்தங்கும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் கலையை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்றொரு கருத்து படித்தவர்களிடையே நிலவுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவன் கண்டது வண்டிக்குள் வீடு. நாம் கண்டது வண்டியைச் சுற்றி வீடு. அவனுடைய கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் தகரக் கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நம்முடைய தகரக் கூட்டுக்குள் இருப்பவை செருப்பு, பைகள், ஜன்னல் சீட்டைப் பற்றிக் கிளம்பும்போது தொடங்கி இன்னும் தீராத ஒரு மனத்தாங்கல் ஆகியவை மட்டுமே. மிச்சக் குடித்தனம் முழுக்க இறங்கிய இடத்தில் நடக்கும்.

சொல்லாராய்ச்சியை விரைவில் முடித்துக்கொள்ளலாம். கேரவன் என்றால் தமிழனுக்கு ஷாட் முடிந்ததும் நடிகர் போய் உட்காரும் ஏசி வண்டி. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. காஞ்சிபுரத்துக்கு வரும் வேனுக்குக் கொள்கை கிடையாது, பாய் உண்டு.

இம்மரபின் தொன்மைக்கு இலக்கியச் சான்று ஏழாம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சியில் நடக்கும் கதை. கள்ளில் திளைக்கும் காபாலிகன் ஒருவன், கூட ஒரு பெண், இருவருக்கும் ஒரே பாத்திரமாக ஒரு கபாலம். அது காணாமல் போகிறது. வழியில் வந்த பௌத்த பிக்கு மேல் பழி விழுகிறது. பெரும் வாக்குவாதம். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். அறிஞர்கள் இதைச் சமய அங்கதம் என்கிறார்கள். வேனில் நான்கு நாள் போய்வந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சாதக் கரண்டி காணாமல் போவதும், பக்கத்து வேன்காரர்களைக் கடைக்கண்ணால் பார்ப்பதும், மறுநாள் அது கடைசி சீட்டுக்கு அடியில் கிடைப்பதும் இன்றுவரை அப்படியே நடக்கின்றன. மன்னர் வேனில் போகவில்லையே தவிர, விஷயம் தெரிந்தவர்.

இரண்டாவது சான்று மேலிடத்திலிருந்து வருகிறது. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஊரை விட்டுக் கிளம்பி, ஐயங்கார்குளத்தில் பூமிக்கடியில் இருக்கும் நடவாவிக் கிணற்றுக்குப் படியிறங்கிப் போகிறார். பிறகு பாலாற்றுக்கு எழுந்தருள்கிறார். வழியில் மண்டபந்தோறும் நிறுத்தம், மண்டகப்படி, பிரசாதம். நிறுத்தங்கள் முன்கூட்டியே முடிவானவை, சாப்பாடு பொறுப்பான கைகளில் இருக்கிறது, சேருமிடம் நீர்நிலை. இதைவிடத் திட்டமிட்ட சுற்றுலாவை எந்த டிராவல்ஸும் நடத்தியதில்லை. இறங்குமுன் கிணற்று மண்டபத்துத் தண்ணீரை இறைத்து வைப்பார்கள் என்பது மட்டும் பெருமாளுக்கே உரிய சலுகை. நமக்குத் தண்ணீர் இருந்தால்தான் இறங்கவே முடியும்.

எதிர்க்கட்சியினர் இங்கே அத்திவரதரைக் காட்டுவார்கள். வரதராஜர் கோயிலின் அனந்தசரஸ் குளத்தடியில் நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் சயனம். 1939, 1979, 2019 என வெளியே வந்து காட்சி. இது பயணமா, தங்கலா? தங்கல்தான், அதிலும் உச்சம். ஆனால் 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அந்த 48 நாளும் பயணத்தை ஊர் ஏற்றுக்கொண்டது. தரிசித்தவர்கள் ஒரு கோடி என்றார்கள். வேன்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெருமாள் ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். பக்தர்களுக்கு 48 நாளும் நின்ற கோலம்தான்.

இனி ஆய்வின் மையச் சிக்கல். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர். காலையில் வந்தால் மாலையில் திருவண்ணாமலையோ திருப்பதியோ போய்ச் சேர்ந்துவிடலாம். வேன்காரர்களின் திட்டமும் அதுதான். அப்படியிருக்க, ஏன் காஞ்சிபுரத்திலேயே இருட்டிவிடுகிறது? தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அமர்ந்து நான் செய்த கள ஆய்வின்படி, காரணம் நடை சாத்துவது. கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும். எந்த வேனும் பன்னிரண்டே முக்காலுக்கு முன் வந்ததில்லை. இது இயற்கை விதி. மூடிய கதவுக்கு முன் இருபது பேர் நிற்கும்போது டிரைவர் ஒரு வார்த்தை சொல்வார்: “நாலு மணிக்குத்தான் சார் தொறப்பாங்க. அதுவரைக்கும் ஏசியில உக்காரலாம்.”

அந்த ஏசி இருக்குமிடம் காந்தி ரோடு பட்டுக்கடை. டிரைவருக்கும் கடைக்கும் என்ன உறவு என்பது பொருளாதாரத் துறையின் பாற்பட்டது. இக்கட்டுரை அதற்குள் புகாது. புகுந்த பெண்கள் நான்கு மணிக்கு வெளியே வரமாட்டார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதுதான் கோர்வை என்று கடைக்காரர் விளக்கத் தொடங்கினால், அதில் ஒரு மணி நேரம். ஜரிகை வெள்ளியா என்று சித்தி கேட்டால் இன்னொரு மணி நேரம். தானும் ஒரு கோர்வைச் சேலை எடுத்துக்கொண்டு வந்தவர் என் மனைவி. ஆகவே இத்தரவுகள் நேரடியானவை. கடைசியில் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதர் மூன்றையும் முடிக்கும்போது இரவு ஒன்பது. 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை இருட்டில் அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: “இங்கயே படுத்துட்டுக் காலையில கெளம்பலாம்.”

எங்கே படுப்பது? டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். ஆண்களுக்கு டீக்கடை. குழந்தைகளுக்கு நாய் இல்லாத இடம். அல்லது நாய் உள்ள இடம், குழந்தையைப் பொறுத்து. இவை எதுவும் எடுபடாது. வண்டியிலேயே வயதில் மூத்த பெரியம்மா இறங்கி, குழாயைத் திருகி, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்ட வேண்டும். அதன் பிறகுதான் கேஸ் அடுப்பு இறங்கும். இதையே குழாயடிக் கோட்பாடு என அழைக்கிறேன். சர்வதீர்த்தக் குளத்தைக் கண்டு மயங்கிய இளைஞர்களை, “கொளத்துத் தண்ணில ரசம் வைப்பியாடா?” என்ற ஒரே கேள்வியால் பெரியம்மா வாயடைத்ததை நானே கண்டேன்.

கோட்பாட்டுக்கு ஒரு துணைவிதி உண்டு. அதைச் சிரிக்காமல் சொல்கிறேன். குழாய்க்கு அடுத்தபடி பெண்கள் தேடுவது கட்டணக் கழிப்பறையின் விளக்கு. அது எத்தனை மணி வரை எரியும் என்பதைப் பொறுத்தே அவர்கள் இரவில் தண்ணீர் குடிப்பதும் குடிக்காததும். சுற்றுலா வரைபடங்களில் கோபுரப் படம் இருக்கிறது, இந்த விளக்கு இல்லை.

நின்ற வண்டி எந்த வகை என அறிய நம்பர் பிளேட்டைப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. கண்ணாடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கட்டிய கொடியைப் பார்க்க வேண்டும். கறுப்பு வேட்டிகள் காய்ந்தால் சபரிமலை, சிவப்புச் சேலைகள் என்றால் மேல்மருவத்தூர், பச்சை என்றால் பழனி. எல்லா நிறமும் கலந்து காய்ந்தால் குடும்பச் சுற்றுலா. அங்கே புளிசாதம் மிச்சமிருக்க வாய்ப்புண்டு.

கோட்பாடு பிசகும் இடம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற முறை நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் நின்றோம். நீளமான, நேரான, அமைதியான தெரு, குழாய் முதல்தரம். இவ்வளவு நல்ல தெரு ஏன் காலியாக இருக்கிறது என்று எங்கள் ஆய்வுக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏறுமுன் ஒருவர் வந்து வேன் கண்ணாடியைத் தட்டினார். தோளில் சுருட்டிய பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல். மூன்று சேலைக்கான பாவு 16 மீட்டருக்குக் குறையாது; அதை இழுத்துக் கட்டத்தான் அந்தத் தெரு.

“அண்ணே, வண்டியக் கொஞ்சம் எடுங்க. பாவு போடணும்.”

டிரைவர் கண்ணைத் திறக்காமலேயே, “பத்து நிமிஷம்ணே. பெரியம்மா குளிக்கப் போயிருக்காங்க” என்றார்.

நெசவாளர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் சேலைக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். நேற்று எடுத்தது அல்ல, வேறு சேலை. “இது நம்மூரு இல்லீங்களே” என்றார். பெரியம்மா திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.