ஈத்தேர்வியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஈ என்பது ஓரெழுத்து ஒருமொழி. நன்னூலார் எண்ணிய 42இல் ஒன்று. பெயராகக் கொண்டால் மொய்ப்பது, வினையாகக் கொண்டால் ‘கொடு’ என்று இரப்பது. ட்ரவுட் மீனுக்காக இங்கிலாந்தின் ஆற்றில் தூண்டிலோடு முழங்கால் நனைய நிற்பவர் இரு பொருளையும் ஒரே வீச்சில் வீசுகிறார். எனவே இத்துறையை ஆராயத் தக்கவர் தமிழரே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ட்ரவுட்டை அவர் தட்டில்கூடக் கண்டதில்லை என்பதை ஆய்வின் நடுநிலைக்குச் சான்றாகக் கொள்க.

முதற்கண் ஒரு மயக்கம் தீர வேண்டும். இங்கே ஈ என்பது ஈ அன்று. மீன் ஆசையாய்த் தின்னும் மேஃப்ளை உயிரியலார் கணக்கில் ஈ இனத்திலேயே சேராது. வளர்ந்தபின் அதற்கு வாயும் வேலை செய்யாது, ஓரிரு நாளில் ஆயுளும் முடிந்துவிடும். தூண்டில்காரர் வீசுவதோ அதுவும் அன்று. முள்ளில் நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை விசிறிபோல விரித்துக் கட்டிய பொய் அது. ஆக, ஈ அல்லாத ஒன்றைப் போலிருக்கும் வேறொன்று. கயிற்றில் பாம்பைக் கண்டு பழகிய நமக்கு இதில் திகைக்க ஏதுமில்லை.

இத்துறையின் மூலநூல் 1496இல் அச்சேறியது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ இயற்றினார் என்பது மரபு. இந்த மாதத்துக்கு இந்த ஈ என்று 12 வகையை வகுத்துத் தந்தது அந்நூல். உலகம் அந்த 12உடன் நின்றிருந்தால் மீனும் பிழைத்திருக்காது, உரையாசிரியர்களும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

உரைப்போர் மூண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். டெஸ்ட் ஆற்றங்கரையின் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு, ஆற்றில் பறக்கும் பூச்சியை அச்சு அசலாகச் செய்து நீரின் மேல் மிதக்க விடுவதே முறை என்றார். 1910இல் அவர் முடிவாக விதித்த வகைகள் 33. அதில் ஆணுக்கு ஓர் ஈ, பெண்ணுக்கு ஓர் ஈ! விழுங்கப்போகும் மீன் மாப்பிள்ளை பார்க்கவா வருகிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இச்சென் ஆற்றின் ஸ்கூஸ் வக்கீல். மீன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியில்தானே தின்கிறது, இளம்பூச்சி வடிவில் ஒன்றை அங்கேயே அனுப்பினால் என்ன என்று அதே 1910இல் நூல் எழுதிவிட்டார். வடகலை தென்கலை பிரிந்தாயிற்று. ஹால்ஃபோர்டு 1914இல் காலமானார். வழக்கு மட்டும் ஓயவில்லை. 1938இல் லண்டன் சங்கமொன்றில் விவாதம் கூட்டி, ஏறத்தாழ எண்பது வயது ஸ்கூஸைக் கூண்டில் ஏற்றினார்கள். எந்த நாமம் என்று அங்கே யானையை யாரும் கேட்கவில்லை, இங்கே மீனை.

மூலப்பொருள் ஆராய்ச்சியில்தான் இத்துறை தன் உச்சத்தைத் தொடுகிறது. டிவர்ட்டன் ஊரின் ஆஸ்டின் ஓர் ஈ கட்டினார். மீன்கள் அதற்கு மயங்கின. எதில் செய்தது என்பது நெடுங்காலம் ரகசியம். அவருக்குப் பின் மகளும் அதைக் கட்டி விற்றதால் பிழைப்பில் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு வெளிவந்தது: கிடாயின் விதைப்பையில் வளரும் ரோமம். ‘டப்ஸ் இன்டிஸ்பென்சபிள்’ என்று பெயர் சூட்டியவர் ஸ்கூஸ். கிடாய்க்கு இன்றியமையாதது என்று பொருள். வக்கீல் நாக்கில் அது எவ்வளவு கௌரவமாகிவிட்டது பாருங்கள்.

முள்ளின் எண்ணைப் பற்றி ஒரு வரி போதும். எண் ஏற ஏற முள் சிறுக்கும்; 18 என்பது 12ஐவிடப் பொடிசு. நூல் நம்பர் தெரிந்த திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிக் களப்பணி. மைத்துனர் இங்கிலாந்திலிருந்து வரும்போது சிறு டப்பியில் மூன்று ஈ கொண்டுவந்தார். ஒன்று, ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் வகுத்த முறையில், ஃபெசன்ட் வால் இறகும் மயிரிழைச் செம்புக் கம்பியும் மட்டும் சுற்றியது. நூலே கிடையாது. கம்பிதான் கட்டும், கம்பிதான் கனமும். உள்ளங்கையில் வைத்தால் எள்ளுருண்டையில் உதிர்ந்த ஓர் எள்ளுக்கு வால் முளைத்ததுபோல் இருந்தது.

ட்ரவுட் கிடைக்காத நிலையில் ஆய்வாளர் கூடத்துப் பல்லியை நடுவராக அமர்த்தினார். முள்ளின் கூரை நறுக்கிவிட்டு, டியூப் லைட்டுக்குக் கீழே மூன்றையும் நூலில் தொங்கவிட்டார். மழை பெய்த இரவு, ஈசலும் இருந்தது. பல்லி சாயரின் ஈயை இரண்டு விரற்கடை தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஈசலைத் தின்றது. திரும்பி வந்து மறுபடியும் பார்த்தது. பிறகு ‘ச்ச்ச்’ என்று சொன்னது.

எந்தத் திசை, என்ன பலன் என்று பார்க்க அம்மா பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் நடுவர் கடிகாரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.