இலையை நக்கிப் பாருங்கள்!

முதலாண்டில் வேதியியல், உயிரியல், கடலோர மேலாண்மை மூன்றும் ஒரே பருவத்தில் வருகின்றன. எதை முதலில் படிக்க?
— மாணவி, சிதம்பரம்

சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அம்மா? பஸ் ஏறிப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்த் தோணி ஏறுங்கள். வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். உப்புத் தண்ணீரில் நிற்கும் அந்த மரம், உள்ளே ஏறிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் நிற்கும் சுரபுன்னையின் வழி வேறு. அது உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். வேதியியலும் உயிரியலும் ஒரே இலையில் முடிந்தன.

மேலாண்மைக்கும் தோணியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன சேற்று நிலம் காய்ந்து, தணிந்து, தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போனது. உப்பிலேயே பிறந்து வளரும் மரங்களும் தாங்காத அளவுக்கு அது ஏறியது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே வாய்க்கால் வெட்டின. நடுவே பெரியது ஒன்று, இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் வந்து போக, தேங்கிய உப்பு கழுவுண்டு போயிற்று. கன்றுகள் பிடித்தன. மண்ணில் எங்கே எவ்வளவு உப்பு என்று அளக்கத் தெரியாதவர் அந்த வாய்க்காலை எங்கே வெட்டியிருப்பார்?

மூன்று நோட்டு வாங்காதீர்கள். ஒன்றே போதும்.

மோலாரிட்டி, நார்மாலிட்டி எல்லாம் தேர்வு தவிர வேறெங்கே உதவும்?
— மாணவர், நாகர்கோவில்

முட்டத்தில் ஒரு பாட்டில் கடல்நீர் பிடித்து வாருங்கள். 10 மில்லி எடுத்து, பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் வெள்ளி நைட்ரேட்டால் தரம் பாருங்கள். பியூரெட்டில் இருக்கும் 50 மில்லியும் தீர்ந்துபோகும்; குடுவையில் தயிர் போல வெள்ளை திரளும்; செங்கல் நிறம் வராது. ஆய்வகத்தில் நான் நின்ற வருடங்களில் இதைப் பார்த்துத் திகைக்காத மாணவர் குறைவு. இப்போது அதே நீரைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள். ஐந்தரை மில்லிக்குப் பக்கத்தில் நிறம் மாறும். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு மட்டுமே 19 கிராமுக்கு மேல் என்ற கணக்கு உங்கள் கையாலேயே வந்துவிட்டது. விரலில் வெள்ளி நைட்ரேட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை கறுப்பாக நிற்கும்.

பின்னப் படிகமாக்கல் எவ்வளவு படித்தும் மண்டையில் ஏறவில்லை.
— மாணவி, தூத்துக்குடி

புத்தகத்தை மூடிவிட்டு உப்பளத்துக்குப் போங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து சுண்டுகிறது. முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம். அடர்த்தி 25 டிகிரி போமே வந்ததும் சாப்பாட்டு உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும். வெயிலில் நின்று அந்த வரிசை பிசகாமல் உப்பு வாருகிறவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர் இந்தப் பாடத்துக்கு இல்லை.

கடலின் பிஹெச் அளவு 0.1 குறைந்ததற்கா உலகமே பதறுகிறது?
— பட்டதாரி ஆசிரியர், திண்டுக்கல்

அது மடக்கை அளவு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். ஓடு கட்டி வாழும் உயிர்களுக்குச் செங்கல் விலை ஏறிவிட்டது.

கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. பத்தாம் வகுப்புச் சமன்பாட்டைக் கல்லூரியிலும் ஏன் நடத்துகிறார்கள்?
— மாணவர், இராமநாதபுரம்

உங்கள் மாவட்டக் கடலில் நடந்த கதை அது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று எழுதுகிறோம். அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த, கால்சியம் கார்பனேட்டாலான பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். பாறை போனதும் அலையின் அடி நேரே மணலில் விழுந்தது. பவளம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. அந்தச் சமன்பாட்டின் இடது பக்கத்தில் ஓர் உயிர் இருந்தது என்று முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எக்ஸ், ஒய் குரோமோசோம் தெரியும். ஆமைக்கும் அப்படித்தானா?
— மாணவி, சென்னை

இல்லை. பங்குனி ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டித் தராசு நிற்கும். மணல் அதைவிடச் சூடானால் பெண் குஞ்சுகள் கூடும், குளிர்ந்தால் ஆண். கரையில் விளக்கு எரிந்தால் பொரித்த குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோய்ச் சாகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஜனவரியில் தொடங்கும் அந்த நடையில் ஓர் இரவு சேர்ந்துகொள்ளுங்கள்.

தூண்டில் வளைவு போட்டால் கடலரிப்பு நிற்குமா, நிற்காதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
— வாசகர், விழுப்புரம்

நகரும்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் விழுப்புரத்துக்காரருக்கு அது போதாது. நம் கிழக்குக் கரையில் மணல் கரையோரமாக நடந்துகொண்டே இருக்கிறது. வருடக் கணக்கில் மொத்தமாகப் பார்த்தால் வடக்கு நோக்கி. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் போட்டார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தங்கியது. இன்று நாம் சுண்டல் சாப்பிடும் மெரினாவின் அகலம் அதில் வந்தது. மணல் வராத வடசென்னையில், ராயபுரத்துக்கு அப்பால், கடல் வீடுகளைத் தின்றது. புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு நகரத்தின் கடற்கரை கரைந்து கருங்கல் குவியல் மிஞ்சியது. அரிப்பு வடக்கே ஏறி உங்கள் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் வரை வந்தது. ஒரு குப்பத்தைக் காக்கத் தூண்டில் வளைவாகக் கடலுக்குள் போட்ட கல், மணல் வரத்தை மறித்து அடுத்த குப்பத்தின் படகுத்துறையைக் கொண்டுபோகிறது. அடுத்த குப்பமும் கல் கேட்கிறது; கேட்பவர்கள் மேல் குற்றமில்லை, வீடு போகிறதே! 2018இல் புதுச்சேரியில் தண்ணீருக்குள் மூழ்கிய ஆப்பு வடிவத் திட்டு வைத்து, மணலும் சேர்த்த பிறகு, நகரத்துக் கரை ஓரளவு திரும்பி வந்தது. ஊர் ஊராகக் கல் கொட்டாமல், மணல் நடக்கும் கரை முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். அந்தப் பாடத்தை முதல் பருவத்திலேயே வைக்கும் கல்லூரியைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் 500 மீட்டர் என்கிறார்கள். எங்கிருந்து அளப்பது?
— மாணவர், கடலூர்

உயர் ஓதக் கோட்டிலிருந்து, நிலத்தை நோக்கி. 1991, 2011, 2019 அறிவிக்கைகளை வரிசையாகப் படியுங்கள். எது தளர்ந்தது, எங்கே தளர்ந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

மகன் கடலோர மேலாண்மைப் பாடத்தை எடுத்திருக்கிறான். வேலை கிடைக்குமா?
— தாய், மதுரை

அறிமுகப் பாடம் ஒன்றை வைத்துக் கிடைக்காது. முதுகலை முடித்து, வரைபடமும் நீர்ப் பகுப்பாய்வும் கைவந்தால், மீன்வளம், துறைமுகம், மாசுக் கட்டுப்பாடு, ஆய்வு நிலையங்கள் என்று வாசல்கள் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை உள்ள மாநிலம் இது. விட்டுவிடுங்கள், படிக்கட்டும்.

நான் மீனவர் வீட்டுப் பையன். நீரோட்டம் வடக்கே போகும் என்று சார் சொன்னார். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே இழுக்கும். எழுந்து சொல்லப் பயமாக இருந்தது.
— மாணவர், நாகப்பட்டினம்

தம்பி, இருவருமே சரி. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே நடக்கும். வாடை வீசும்போது தெற்கே திரும்பும். இரண்டையும் கழித்த மீதிதான் வடக்கு. அந்த மீதியை சார் சொன்னார்; நீங்கள் பார்த்தது மாதக் கணக்கு. பாடத்தில் விட்டுப்போன பாதி உங்களிடம் இருக்கிறது. நாளைக்கே எழுந்து சொல்லுங்கள். சாயங்காலம் அப்பாவிடம் நீவாடு (நீரோட்டம்) எந்தெந்த மாதம் எந்தப் பக்கம், காற்று எது, கரையில் மணல் ஏறியதா இறங்கியதா என்று கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கார்த்திகை வரை எழுதியதை சாரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.