கொக்கி போடும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும். சர்ச் வளாகம், கல்லூரி மைதானம், அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ் என்று காலி இடமெல்லாம் ஸ்டால் முளைத்துவிடும். இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் குரோஷா ஊசியைப் பற்றியே இருந்தது. ஆகவே அரசியலுக்கும் சினிமாவுக்கும் ஒரு வாரம் லீவு.

● சென்னையில் உட்கார்ந்துகொண்டு உல்லன் போர்வை பின்னுகிறேன் என்று கணவர் கிண்டல் செய்கிறார். என்ன பதில் சொல்லட்டும்?
- வியர்க்க விறுவிறுக்கப் பின்னுபவள், சென்னை

ராத்திரி ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டு, விடியற்காலை உங்கள் பக்கத்துப் போர்வையை இழுக்கிறவர் யார் என்று கேளுங்கள். அடங்காவிட்டால் இதையும் சொல்லுங்கள்: கின்னஸில் ஏறிய 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை சுவிட்சர்லாந்தில் விரிக்கப்படவில்லை, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில்தான் விரிக்கப்பட்டது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு இழுத்தாலும் மிச்சமிருக்கும்.

● நிட்டிங்குக்கும் குரோஷாவுக்கும் என்ன வித்தியாசம்?
- ஒன்றும் தெரியாதவன், விழுப்புரம்

நிட்டிங்குக்கு இரண்டு ஊசி, குரோஷாவுக்கு முனையில் கொக்கி வைத்த ஒரே ஊசி. நிட்டிங்கில் வரிசை மொத்தமும் ஊசியில் தொங்கும். ஒரு கண்ணி நழுவினால் கீழ்வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷாவில் ஒரு தையலை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. குக்கர் விசில் அடித்தால் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம்.

பெரிய வித்தியாசம் வேறு. நிட்டிங்குக்கு மெஷின் உண்டு. திருப்பூரே அதில்தான் ஓடுகிறது. அசல் குரோஷாவைத் தொழிற்சாலையில் போட்டு ஓட்டும் மெஷின் இதுவரை சந்தைக்கு வரவில்லை. குரோஷா மாதிரி தோற்றம் தரும் மெஷின் துணி வேறு. அதாவது, மாலில் 499 ரூபாய்க்குத் தொங்குகிற டாப்ஸ் அசல் குரோஷாவாக இருந்தால், அதை யாரோ ஒருவர் கண் வலிக்க உட்கார்ந்து கையால் பின்னியிருக்கிறார். அந்த 499-ல் அவர் கைக்கு என்ன போயிருக்கும் என்று யோசித்தால் டாப்ஸ் கொஞ்சம் குத்தும்.

● ஸ்டாலில் பேபி போர்வைக்கு 1,800 ரூபாய் சொன்னேன். "உல்லன் 400 ரூபாய்தானே ஆகியிருக்கும்?" என்றார் ஒரு அம்மா. என் மேல் தப்பா?
- பேரத்தில் தோற்றவள், மதுரை

உங்கள் மேலும் தப்பு இருக்கிறது. மாவு விலைக்கு ஓட்டலில் தோசை கேட்கிறவர் அந்த அம்மா. ஆனால் நீங்கள் 1,800 என்று எந்தக் கணக்கில் சொன்னீர்கள்? "கேட்டால் கொடுப்பார்களா" என்ற பயத்தில்தானே?

போனில் கடிகாரத்தை ஓடவிட்டு ஒரே ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். 25 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கு எட்டு, 48 சதுரம். அதற்கே 20 மணி நேரம். சதுரங்களை இணைக்க, சுற்றி பார்டர் போட, தொங்கும் நூல் நுனியெல்லாம் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க இன்னும் ஐந்து மணி. ஆக 25. மணிக்கு வெறும் 60 ரூபாய் போட்டாலும் 1,500. உல்லன் 400, ஸ்டால் வாடகையில் இதன் பங்கு 100. மொத்தம் 2,000. அந்த அம்மா 1,800-க்கு வாங்கியிருந்தால் 200 ரூபாயை நீங்கள் அவருக்கு மொய் எழுதியிருப்பீர்கள்.

● ஸ்டாலில் எதுதான் விற்கும்?
- கல்லாப் பெட்டி, கோவை

கூட்டத்தை நிறுத்துவது போர்வை, கல்லாவை நிரப்புவது சாவிக்கொத்து. பெரிய போர்வை ஒன்றைத் தூரத்திலிருந்தே தெரியும்படி தொங்கவிடுங்கள். மேஜை மேல் அரை மணி நேரத்தில் பின்னக்கூடிய சாமான்களைப் பரப்புங்கள்: புக்மார்க், முடி ரப்பர், நட்சத்திரம், குட்டி தேவதை. எல்லாவற்றிலும் விலைச் சீட்டு தொங்கட்டும். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். சில்லறையும் க்யூ.ஆர். அட்டையும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

ஆள் வராத நேரத்தில் போனைப் பார்க்காமல் பின்னிக்கொண்டிருங்கள். ஓடும் கையை நின்று பார்க்காத மனுஷர் கிடையாது. "இதே மாதிரி நீலத்தில் வேண்டும்" என்று ஆர்டர் கொடுப்பவரிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் நூலைத் தொடாதீர்கள்.

● போர்வையைவிட லாபமான குரோஷா வேலை உண்டா?
- அவசரக் குடுக்கை, சேலம்

புடவைக் குஞ்சம். பட்டுப் புடவை முந்தானை நுனியில் பட்டு நூலும் மணியும் கோத்து மெல்லிய ஊசியால் பின்னுகிற வேலை. துணி உங்களுடையது இல்லை. நூலும் மணியும் ஒரு டப்பாவில் அடங்கிவிடும். விற்காமல் தேங்கிப்போகும் சரக்கு என்ற பேச்சே இல்லை. கல்யாணப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியவர் "நூல் என்ன விலை?" என்று கேட்பதும் அபூர்வம். பக்கத்து பிளவுஸ் டெய்லரோடு பேசிவையுங்கள். ஒரே எச்சரிக்கை: அடுத்தவர் பட்டுப் புடவை மடியில் இருக்கும்போது காபி குடிக்காதீர்கள்.

● வட்டமான டேபிள் மேட் பின்னினால் ஓரமெல்லாம் நெளிந்து நெளிந்து தூக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?
- கணக்கில் வீக், தஞ்சாவூர்

கண்ணிகளைத் தேவைக்கு மேல் கூட்டுகிறீர்கள். சிங்கிள் குரோஷாவில் சுற்றுக்கு 6, டபுளில் 12 என்று கூட்டினால் வட்டம் தரையோடு படியும். குறைத்தால் கிண்ணமாகக் குவியும், அதிகமானால் நெளியும்.

அந்த நெளிவைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அதிபரவளைய தளம் என்று கணிதத்தில் ஒரு சமாசாரம், அதுவும் இப்படித்தான் நெளியும். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா 1997-ல் அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அவர் செய்ததும் இதுதான்: ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். உங்கள் மேட்டில் டம்ளர் நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

● அமெரிக்காக்காரர் எழுதிய பேட்டர்னும் இங்கிலாந்துக்காரர் எழுதியதும் ஒரே படத்துக்கு வேறு வேறு உயரம் வருகிறதே?
- குழம்பியவள், பாளையங்கோட்டை

அமெரிக்காக்காரரின் சிங்கிள்தான் இங்கிலாந்துக்காரருக்கு டபுள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். பேட்டர்னில் 'சிங்கிள்' என்று எங்காவது வந்தால் அது அமெரிக்கக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரம் பின்னி அளந்து பாருங்கள். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் கட்டில் போர்வை தொடங்கிக் கார் கவரில் முடிக்கிறார்கள்.

● குழந்தைகளுக்குக் குரோஷா பொம்மை செய்து விற்கலாமா?
- முயல்குட்டி, ஈரோடு

விற்கலாம், இரண்டு விஷயம் கவனித்தால். ஒன்று, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் பட்டன் கண், பிளாஸ்டிக் கண், மணி எதுவும் கூடாது. பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வது அந்த வயசின் முழுநேரத் தொழில். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

இரண்டு, 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்து அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். முயலுக்கு இரண்டு காது, உங்களுக்கு ஓர் அட்டை.

● எங்கள் பாட்டி லேஸ் பின்னுவாராம். அதுவும் குரோஷாவும் ஒன்றா?
- பேத்தி, நாகர்கோவில்

பங்காளிகள். உங்கள் ஊர் லேஸ் திண்டின் மேல் குண்டூசி குத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820 வாக்கில் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு.

குரோஷாவுக்கும் அப்படி ஒரு கதை. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, விலையுயர்ந்த இத்தாலிய லேஸின் சாயலைக் குரோஷா ஊசியில் கொண்டுவந்து, அதைவிட வேகமாகப் பின்னி விற்று எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. இனி யாராவது "பொழுதுபோக்கா?" என்று கேட்டால் பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

● பெண்கள் வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே? அதற்குப் போய் மணிக்கணக்குக் கூலியா?
- நியாயஸ்தன், திருநெல்வேலி

இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே கோதாவரிக் கரையில் கேட்கப்பட்டுவிட்டது. ஆந்திராவின் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் பெயர்போன ஊர். 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். சரக்கு கடல் கடந்து போனது, லாபம் வியாபாரிக்குப் போனது. வீட்டு வேலையும் பார்த்து, மிச்ச நேரமெல்லாம் ஊசி பிடித்த பெண் மட்டும் 'வேலை பார்க்கிறவள்' கணக்கில் வரவில்லை. 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே' என்று எல்லாரும் நம்பினார்கள்; அவளையும் நம்பவைத்தார்கள். கூலி அடிமட்டத்தில் கிடந்ததற்கு அந்த நம்பிக்கைதான் முக்கியக் காரணம் என்பது மீஸின் வாதம்.

நியாயஸ்தரே, வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு 25 மணி நேரம் எங்கள் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துத் தருவீர்களா? மையும் பேப்பரும் நாங்கள் தருகிறோம்.

● என் மகன் பிளஸ் டூ. குரோஷா பின்னுகிறான். மாமியார் மூக்கில் விரலை வைக்கிறார்.
- பையனைப் பெற்றவள், கரூர்

டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங் தங்கம் வென்ற இங்கிலாந்தின் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நூலும் ஊசியுமாகப் பின்னிக்கொண்டிருந்தார். மெடலில் கீறல் விழாமல் இருக்க அதற்கு ஒரு பையும் பின்னினார். பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்கு ஓர் உறை பின்னித் தரச் சொல்லுங்கள். விரல் தானாக மூக்கிலிருந்து இறங்கும்.

● காதலருக்கு ஸ்வெட்டர் பின்னித் தரலாமா?
- ஊசிமுனையில் காதல், கொடைக்கானல்

'காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் கைவிட்டுப் போய்விடுவான்' என்று மேல்நாட்டு நிட்டிங்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. 'ஸ்வெட்டர் சாபம்' என்றே பெயர். சாபமெல்லாம் இல்லை, சில காதலுக்கு ஆயுசு ஸ்வெட்டரைவிடக் கம்மி. தொப்பியில் ஆரம்பியுங்கள். தொப்பி முடியும்வரை ஆள் இருந்தால் மஃப்ளர். ஸ்வெட்டர் கல்யாணத்துக்குப் பிறகு.

● ராத்திரி பகலாகப் பின்னி நாத்தனாருக்குப் பரிசாகக் கொடுத்த போர்வையில் அவர் வீட்டு நாய் படுத்திருக்கிறது!
- ரத்தம் கொதிப்பவள், தூத்துக்குடி

அந்த வீட்டில் ரசனை உள்ளவர் யார் என்று தெரிந்துவிட்டதே! கொடுத்த பிறகு அது அவர் பொருள். வேவு பார்க்கப் போகாதீர்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாத்தனாருக்குக் கேக், நாய்க்கு இன்னொரு போர்வை.

● அம்மா காலத்தில் டிவிக்கு, ரேடியோவுக்கு, நாற்காலி முதுகுக்கெல்லாம் குரோஷா கவர் இருந்தது. இப்போது என்ன செய்வது?
- பீரோ நிறைய வைத்திருப்பவள், கும்பகோணம்

டிவி மெலிந்து சுவரில் ஏறிவிட்டது, கவர் உட்கார இடமில்லை. தலையணை உறையின் முன்பக்கம் வைத்துத் தைத்தால் ஹாலுக்கே களை வரும். வெள்ளைப் பருத்தி நூலில் பின்னிய சின்னப் பூக்களைக் கெட்டிக் கஞ்சியில் முக்கி, அட்டையில் குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். விறைத்து நின்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும். சர்க்கரைப் பாகிலும் விறைக்கும், ஆனால் எறும்புகளும் பண்டிகை கொண்டாடும். அக்ரிலிக் உல்லனைச் சூடாக இஸ்திரி போடாதீர்கள். துவண்டுபோய் மறுபடி எழுந்திருக்காது. அடுப்பங்கரைப் பிடிதுணி எப்போதும் பருத்தியில்தான். அக்ரிலிக் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

● இந்தக் கிறிஸ்துமஸுக்கு உறவில் பன்னிரண்டு பேருக்கும் என் கையால் போர்வை பின்னித் தரப்போகிறேன். இன்று டிசம்பர் 5. வாழ்த்துங்கள்!
- தாராளப் பிரபு, வேலூர்

போர்வைக்கு 25 மணி என்றால் பன்னிரண்டுக்கு 300 மணி. 24 வரை இருபது நாள். தினம் 15 மணி நேரம். வீட்டில் சமைப்பது யார்?

பன்னிரண்டு பேரில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்: நீங்கள் முன்பு கொடுத்த எதையாவது இன்னும் உபயோகிக்கிறவரை. போர்வை அவருக்கு. மற்ற பதினொரு பேருக்கும் புக்மார்க், படிக்காதவருக்குச் சாவிக்கொத்து. எல்லாருக்கும் போர்வை என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாலும் பாதகமில்லை. எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் என்று மட்டும் வாயை விடாதீர்கள்.