மாரா போய் வந்தவர்

மாரா போய் வந்தவர் என்பவர் ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றிய சிறுதொழில் பேட்டைகளிலும் காணக்கிடைக்கும் ஒருவகை மனிதர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். நாலைந்து சி.என்.சி. லேத் ஓடும் பட்டறைக்குச் சொந்தக்காரர். பெரிய வாகன நிறுவனத்துக்கு புஷ், ஷாஃப்ட் என்று ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர். அல்லது அப்படியொரு நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டு குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வுப் பணத்தோடு வெளியே வந்தவர். கென்யாவின் மசாய் மாராவுக்கு ஒரு தடவை போய் வந்திருப்பார். அதற்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

இந்த நிலையை எவரும் ஒரே தாவலில் எட்டிவிடுவதில்லை. முதல் படி பன்னேர்கட்டா. பிள்ளைகள் சிறுசாக இருக்கும்போதே, கம்பிவலை அடித்த பஸ்ஸில் உட்கார்ந்து, வேளாவேளைக்கு இறைச்சி கிடைக்கும் சிங்கங்களைப் பார்த்து முடித்திருப்பார்கள். அடுத்தது கபினி. அங்கே மூன்று சவாரியிலும் புள்ளிமான். நான்காவதில் புதருக்குள் நுழையும் புலியின் வால். வாலோடு திரும்பியவர்களில் ஒரு சாரார் காட்டுக்கே பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவார்கள். மறு சாரார் பெங்களூருவில் 150–600 லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நைரோபிக்கு விமானம் ஏறுவார்கள்.

பயண ஏற்பாட்டில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை: பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, முறுக்கு. நீலமும் கறுப்பும் செட்சி ஈயை இழுக்கும் நிறங்கள் என்பதால் உடைதான் சிக்கல். வீட்டிலிருக்கும் நல்ல சட்டைகளில் பாதி கம்பெனிச் சீருடை நீலம். புதிதாகக் காக்கி எடுக்க வேண்டிவரும். போட்டுப் பார்த்தால் கேட் செக்யூரிட்டி மாதிரி இருப்பதாக வீட்டில் அபிப்பிராயம் சொல்வார்கள்.

மாரா ஏறக்குறைய 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. தெற்கே எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரெங்கெட்டி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் கூட்டம் மழையைத் தேடி இந்த இரண்டுக்கும் இடையே ஆண்டு முழுவதும் சுற்றிவருகிறது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அதில் பெரும்பகுதி மாரா பக்கம் இருக்கும். பின்னாலேயே சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, கழுதைப்புலி. கூரை திறக்கும் லேண்ட் குரூசரில் நின்றபடி பயணிகள் பார்ப்பார்கள். கைடு ஓயாமல் ரேடியோவில் சுவாஹிலி பேசிக்கொண்டிருப்பார்.

அங்கே நம்மவர் முதலில் கற்றுக்கொள்வது, சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் என்பது. பட்டறையில் லேத் பத்து நிமிடம் நின்றால் குதிக்கிறவர், முள்மர நிழலில் மல்லாந்த சிங்கத்தை மூன்று மணி நேரம் மூச்சுக்காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வேட்டையும் அவர் நினைத்தபடி இருப்பதில்லை. ஜார்ஜ் ஷாலர் 1966 முதல் மூன்றாண்டு செரெங்கெட்டிச் சிங்கங்களின் பின்னால் அலைந்து கணக்கெடுத்தவர். தனியாகத் துரத்தும் சிங்கத்துக்கு ஐந்தில் ஒன்று சிக்கினாலே பெரிது; இரண்டு மூன்று சேர்ந்து இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. இதைக் கேட்டதும் நம்மவர் தொழில் மொழிக்குத் தாவிவிடுவார்: “எழுபது பர்சென்ட் ரிஜெக்‌ஷன் சார். நம்ம கஸ்டமரா இருந்தா வென்டர் லிஸ்ட்லேருந்தே தூக்கியிருப்பான்.” சிங்கம் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும், காப்பகத்துக்குள் சுற்றுலா வண்டிக்குப் பகலில் மட்டுமே அனுமதி என்று கைடு விளக்கியபின் குரல் தணியும். நைட் ஷிஃப்ட் முடித்தவன் பகலில் தூங்குவதைக் குறை சொல்ல ஓசூரில் எவருக்கும் வாய் வராது.

சிவிங்கிப்புலி பகல் ஷிஃப்ட். சிங்கமும் கழுதைப்புலியும் சோம்பிக் கிடக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், அதுவும் சில நூறு மீட்டர் தூரத்துக்குத்தான். துரத்தியதில் ஏறக்குறையப் பாதி கைக்கு வந்துவிடும். பிடித்தபின் வாய் வைக்கத் தெம்பில்லாமல் மூச்சிரைத்து நிற்கும்போது, கழுதைப்புலி சாவகாசமாக நடந்து வந்து பறித்துக்கொண்டு போகும். சண்டையில் கால் ஒடிந்தால் பிழைப்பே போய்விடும் என்பதால் சிவிங்கிப்புலி எதிர்ப்பதில்லை. சிறுதொழில்காரருக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்ல, தொண்ணூறு நாள் கழித்தும் போனை எடுக்காத கம்பெனியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசிய அனுபவம் உள்ளவர் நம்மவர். இந்தக் காட்சியை விவரிக்கும்போது மட்டும் தொண்டை கம்மும்.

கழுதைப்புலியை ஸ்கிராப் எடுப்பவர் கணக்கில் எழுதிவிட்டு வருவார். இது பெரும்பிழை. ஹான்ஸ் க்ரூக் 1972-இல் வெளியிட்ட நூலே அதை உடைத்துவிட்டது: புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் பெரும்பங்கைத் தானே கொன்று தின்கிறது. தான்சானியாவின் கோரோங்கோரோ பள்ளத்தில் விடிகாலையில் இரைமேல் சிங்கமும் சுற்றிலும் கழுதைப்புலியுமாகத் தென்பட்டால், இரவில் கொன்றது பெரும்பாலும் கழுதைப்புலி, வந்து பறித்தது சிங்கம். மாரா போய் வந்தவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. சிங்கத்தைப் பார்க்கத்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார்.

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்குமேல் நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. ரேடியோவில் ‘டுமா’ என்ற சொல் விழுந்ததும் சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டி நிற்கும். மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, வண்டி நெரிசல் மிகுந்த இடங்களில் தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளையே வளர்த்து ஆளாக்கியது என்றும், நெரிசல் குறைந்த இடங்களில் அது 2.3 என்றும் கண்டது. இந்தக் கூட்டத்தைப் பற்றி நம்மவர் மிகவும் வருந்திப் பேசுவார். பதினேழாவது வண்டியிலிருந்து எடுத்த படம் என்றாலும் நன்றாகவே வந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் வீட்டு டி.வி.யில் பென்டிரைவ் நிரந்தரமாகக் குடியேறும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் நானூறு படம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்றும் புழங்கும் ஊரில் நான்காவதாகச் சுவாஹிலி சேரும். நிதானமாகப் போகச் சொல்லி டிரைவரிடம் “போலே போலே” என்பார். தமிழ்க்கார டிரைவர் அதைத் தெலுங்கு என்றும், தெலுங்குக்கார டிரைவர் கன்னடம் என்றும் எடுத்துக்கொள்வார்.

உள்ளூர்க் காடு அவர் கணக்கில் வராது. காவிரி வடக்கு சரணாலயம் 2014-இல் வந்தது, தெற்கு 2022-இல்; இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,190 சதுர கிலோமீட்டர், மாராவில் முக்கால்வாசிக்கும் மேல். கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட நூலில் ஆட்கொல்லிப் புலி உலவும் ஜவளகிரி, ஓசூரிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம்தான். ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை இறங்கும். பரணில் கண்விழித்துக் காவல் காக்கும் விவசாயி, எந்த யானை வெடிக்கு ஒதுங்கும், எது திரும்பி வரும் என்று இருட்டில் சத்தத்தை வைத்தே சொல்வார். அவரை எவரும் கைடு என்று அழைப்பதில்லை, டிப்ஸும் கிடையாது.

யானைகள் சானமாவு அருகே பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்துவார்கள். மாரா ஆற்றில் வில்டபீஸ்ட் இறங்குமா இறங்காதா என்று நான்கு மணி நேரம் வெயிலில் காத்த அதே மனிதர், இங்கே ஏழாவது நிமிடத்தில் ஹார்னில் கை வைப்பார். வண்டியில் லோடு இருக்கிறது, நாலு மணிக்குள் கம்பெனி கேட்டில் இறக்க வேண்டும். நியாயமான அவசரம்தான்.

இரண்டாம் பயணத்துக்கான காரணத்தை அரசே கையில் கொடுத்துவிடுகிறது. கென்யாவிலிருந்து வருகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் காட்டாவிட்டால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியே அடைத்துவைப்பார்கள். அந்த அட்டை முன்பு பத்தாண்டுதான் செல்லும். 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும். “ஆயுசுக்கும் செல்லுபடியாகிற ஊசியைப் போட்டுக்கிட்டு ஒரே தடவையோட நிறுத்தினா எப்படி?” என்று வீட்டில் கேட்பார். மனைவியும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான். அந்த அட்டை சிங்கப்பூருக்கும் செல்லுமா என்று அவர் விசாரித்துக்கொண்டிருப்பார்.