வேலை போன வழியைக் கூறுக

பெறுநர்:
அமெரிக்கத் தொழிலாளர் துறை, வாஷிங்டன்.

பொருள்: வணிகத்தால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளருக்கான உதவி – தகுதி பார்ப்பதில் தாங்கள் காட்டும் நிதானத்தைப் பாராட்டுதல் தொடர்பாக.

ஐயா,

இறக்குமதியால் வேலை இழப்பவரை அரசு கைவிடாது என்று 1962-இல் கென்னடி காலத்தில் சட்டம் வந்தது. 1969 வரை ஒரே ஒரு தொழிலாளிக்குக்கூட அந்த உதவி கிட்டவில்லை. சுங்கவரியைக் குறைத்ததால்தான் இறக்குமதி பெருகியது, அந்த இறக்குமதியால்தான் வேலை போனது என்று இரண்டையும் காட்ட வேண்டியிருந்தது. தறியில் நின்றவர் பொருளாதாரப் பேராசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் சம்பளமில்லாமல். அப்போது மனுக்களைப் பார்த்தது சுங்கவரி ஆணையம், தாங்கள் அல்ல. ஆனாலும் குடும்பப் பெருமையைக் காப்பாற்றி வருகிறீர்கள்.

1974 சட்டம் கொஞ்சம் இளகியது. இறக்குமதி ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் போதும், மற்றக் காரணங்களைவிட முக்கியமாக இருக்க வேண்டியதில்லை என்றது. தொழிற்சங்கத்தார் இந்தத் திட்டத்தை ஈமச்சடங்குக் காப்பீடு என்று கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பீட்டுக்காரர் செத்தவரிடம் போய் எதனால் செத்தீர் என்று கேட்பதில்லை.

2002-இல் வந்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆலை மெக்சிகோவுக்குப் போனால், அது தடையற்ற வணிக ஒப்பந்த நாடு, போனதே போதும் என்றது. சீனாவுக்குப் போனால் அங்கே செய்த சரக்கு இங்கே இறக்குமதியாகிறதா, ஆகும்போலிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றது. ஆகவே முதலாளியைத் தனியே சந்தித்து, "போவதுதான் போகிறீர்கள், மெக்சிகோவாகப் பார்த்துப் போங்கள்" என்று கேட்டுக்கொள்வது விவரமுள்ள தொழிலாளிக்கு அழகு.

நான் எழுதுவது சென்னையிலிருந்து. தங்கள் நாட்டுக் கணினி வேலைகளில் ஒரு பங்கு இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் வந்து இறங்கியிருப்பதால், அடுத்த விஷயத்தில் எனக்குச் சற்றுக் கூடுதல் அக்கறை. வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது என்று மென்பொருள் எழுதியவர்கள் மனுப் போட்டார்கள். சரக்குச் செய்தவருக்குத்தான் உதவி, நிரல் ஒரு சரக்கே அல்ல, குறுந்தகடு மாதிரி கையில் பிடிக்கும் ஒன்றில் பதிந்திருந்தால்தான் சரக்கு என்று திருப்பி அனுப்பினீர்கள். கப்பலில் ஏறாமல் கம்பி வழியாகப் போனது வேலை செய்த குற்றம். நியூயார்க்கிலுள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. 2006-இல் தாங்களும் மனம் மாறினீர்கள். அதே நீதிமன்றம் வேறு வழக்குகளிலும், கம்பெனி சொன்ன பதிலை அப்படியே நம்பி விசாரணையை முடித்துவிடுகிறீர்கள் என்று தங்களைக் கடிந்துகொண்டது. ஆளை வெளியே அனுப்பிய கம்பெனியைவிட நன்றாக விவரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? நீதிபதிகளுக்கு இது புரியவில்லை.

விவசாயிகளைப் பார்த்து ஆலைக்காரர்கள் பொறாமைப்படுவதாகக் கேள்வி. 2018-இல் தங்கள் நாட்டு வரிக்குச் சீனா பதில் வரி போட்டதும் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் வரை, மறு ஆண்டு 1,600 கோடி டாலர் வரை உதவி என்று அறிவித்தார்கள். அது வேளாண் துறைப் பணம், தங்களுக்குச் சம்பந்தமில்லை. அதே பதில் வரியால் ஏற்றுமதி படுத்து வேலை போன ஆலைத் தொழிலாளிக்குத் தங்கள் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அவர் இறக்குமதியால் அல்லவா கெட்டிருக்க வேண்டும்!

இப்போது அந்தச் சிக்கலும் தீர்ந்தது. காங்கிரஸ் சட்டத்தை நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புது மனுவைத் தாங்கள் விசாரிக்கவும் முடியாது, தீர்ப்புச் சொல்லவும் முடியாது. முன்பெல்லாம் "இல்லை" என்றாவது ஒரு பதில் வரும், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். பிற நாடுகள் நம் தொழிலாளியை வஞ்சித்துவிட்டன என்று சொல்லி 2025-இல் சுங்கவரியை ஏற்றினார்கள். வஞ்சிக்கப்பட்டவர் மனுவை விசாரிக்கும் சன்னல் மட்டும் மூடியே இருந்தது.

ஆகவே, இனி ஆட்குறைப்புச் செய்யும் ஆலைகள் யாவும் அதை 2022 ஜூன் 30-க்கு முந்தைய தேதியிட்டுச் செய்யுமாறு ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிதானத்தின் ரசிகன்,
சென்னை.

இணைப்பு: குறுந்தகடு ஒன்று (இந்த மடலும் ஒரு சரக்குதான் என்பதற்கு ஆதாரமாக).