ஆறுக்கு மூணு

என் கழுத்தில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மாமியார். ஆடிப்பெருக்கன்று திருச்சி அம்மா மண்டபம் படித்துறையில் நெரிசலுக்கு நடுவே எனக்குப் புதுச் சரடு கட்டிவிட்டுப் பழையதை எடுக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இது என்ன உருண்டையா?" என் கோலத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிறவர். கை தொட்டதையா விடுவார்?

ஸ்கேன் எடுத்த டாக்டர், தைராய்டில் ஒரு கட்டி இருக்கிறது, ஊசி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்லை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எஃப்.என்.ஏ.சி. என்று பெயர். அந்த நாள் வருவதற்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. பக்கத்து வீட்டு பாய் அம்மா நத்தர்வலி தர்காவிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டினார். மாமியார் சமயபுரத்து மஞ்சள் கயிறு கட்டினார். சீர்காழியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வைத்தீஸ்வரன்கோயில் திருச்சாந்துருண்டை வயிற்றுக்குள். மாடிவீட்டுக்காரர் தந்த வேளாங்கண்ணி எண்ணெய் கழுத்துக்கு. ஊசி போட வந்த டாக்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "நான் எங்கம்மா வைக்கிறது?" என்றார். நர்ஸ் தாலிச் சரட்டை மட்டும் தோள்பக்கம் ஒதுக்கி பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மற்ற தெய்வங்களைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என் கணவரிடம் கொடுத்தார்.

"பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, அசையக் கூடாது." வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் வருஷக்கணக்காக நான் சொல்லி வருவதில் எச்சில் ஒன்றுதான் புதிது. சொன்ன மாத்திரத்தில் வாயில் காவிரி பொங்கியது.

ரிப்போர்ட் வந்தது. பெதஸ்டா வகை மூன்று. மொத்தம் ஆறு. இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆறுக்கு மூணு. அம்பது பர்சன்ட். பாஸ்தானே?"

கணக்கு டீச்சரின் கணவர் இப்படித்தான் இருப்பார். இந்தப் பரீட்சையில் ஆறு வாங்கினால் புற்றுநோய் என்று அர்த்தம். இரண்டு வாங்கினால் பயமில்லை. ஒன்று என்றால் திருத்துவதற்கு விடைத்தாளில் போதுமான எழுத்தே இல்லை, மறுபடி குத்த வேண்டும். மூன்று என்றால், செல்கள் கொஞ்சம் முகம் மாறியிருக்கின்றன, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. 2007-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் நிபுணர்கள் கூடிப் பேசி உண்டாக்கிய வகைப்பாடு இது. அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து, 'தெரியாது' என்பதற்கும் ஒரு நம்பர் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. சின்ன மாமனார் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: "சூட்டுக்கட்டி. விளக்கெண்ணெய் தடவு." நாத்தனார் முட்டைக்கோஸை நிறுத்தச் சொன்னாள். கொழுந்தன் முள்சீத்தா இலையை ஒரு மூட்டை அனுப்பினான், அதைப் பற்றிய வீடியோக்களை இன்னொரு மூட்டை. தெருக்கோடி அக்கா மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்: "எந்த ஸ்டேஜ்?"

"இன்னும் பந்தக்காலே நடலைக்கா, ஸ்டேஜுக்கு எங்க போறது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டு, போகும்வரை என் கழுத்தோடுதான் பேசினார்.

மாமியார் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். "அடையாறா இருக்குமோ?" என்பார். தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று, 1954-ல் அடையாறில் தொடங்கிய மருத்துவமனை எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் அத்தையின் தலைமுறையில் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. என் மகன் சென்னையில் வேலை கிடைத்து, "பாட்டி, ரூம் அடையாறுல" என்றபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்.

எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி டீச்சர் சி.எஸ்.ஐ. சபை. ரிப்போர்ட்டைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், பெதஸ்தா குளம் பைபிள்ல இருக்கு. யோவான் அஞ்சாம் அதிகாரம்." எருசலேமில் இருந்த அந்தக் குளத்தங்கரையில் நோயாளிகள் கூட்டமாகக் காத்துக் கிடப்பார்களாம். தேவதூதன் வந்து தண்ணீரைக் கலக்கும்போது முதலில் இறங்குகிறவருக்குக் குணம். நோய்ப்பட்டு 38 வருஷமான ஒருவனை இறக்கிவிட ஆளில்லை. கடைசியில் இயேசுவே வந்து எழுந்து நடக்கச் சொல்கிறார். அமெரிக்க ஊருக்கும் அந்தக் குளத்திலிருந்துதான் பெயர். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதான் இங்க வைத்தீஸ்வரன்கோயில்ல சித்தாமிர்தக் குளம் இருக்கே, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றாள்.

டாக்டர் நிதானமானவர். பெரியவர்கள் கழுத்தை ஸ்கேன் செய்தால் பலருக்கும் ஏதாவது ஒரு கட்டி தென்படும், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை என்றார். தென்கொரியாவில் ஊரையே கூப்பிட்டு ஸ்கேன் செய்யப் போய், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கு ஏறியது. இறந்தவர் கணக்கு அப்படியே இருந்தது. அதுகூடப் பெரிதில்லை. 2016-ல் நிபுணர்கள் கூடி, ஒருவகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து 'புற்றுநோய்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், அது பரவாத சாது என்று. கூட வந்திருந்த அத்தை இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரை மாத்தினா சரியாகும்னு நம்ம ஜோசியர் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்களே!"

இதையெல்லாம் கேட்டு நான் தைரியமாகத்தான் இருந்தேன், சாம்பார்ப் பொடி வரைக்கும். ஒருநாள் ராத்திரி இவர் சமையலறை வாசலில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பொடிக்கு மல்லி எவ்வளவு போடுவே?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி.

"எதுக்கு?"

"சும்மாதான். தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

ரிப்போர்ட் செய்யாததை அந்தச் 'சும்மா' செய்தது. அடிவயிறு சில்லிட்டுவிட்டது. இவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கேன் ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ மிளகாய் என்றேன். துவரம்பருப்பு, மிளகு, விரலி மஞ்சள் எல்லாம் சொன்னேன். எழுத்து கொஞ்சம் நடுங்கிற்று. வெந்தயத்தை மட்டும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு பிடி நம் கையில் இருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி, மறுபடி மூன்று. எங்கள் பள்ளியில் இப்படி மார்க் எடுக்கிற பையனை நிலையானவன் என்போம். இனி இரண்டு வழி என்றார் டாக்டர். தைராய்டில் பாதியை எடுத்து முழுசாகப் பரிசோதித்துவிடலாம். அல்லது அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த வகையில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஒன்றும் இருக்காது என்றும் சொன்னார். நூற்றுக்கு எழுபது எனக்கும் பிடித்த மார்க்தான். ஆனால் அந்த முப்பதில் உட்கார்ந்துகொண்டு அரையாண்டு விடைத்தாள் திருத்த என்னால் முடியாது. பாதியை எடுத்துவிடலாம், அரையாண்டு லீவில் தேதி கொடுங்கள் என்றேன்.

அதற்குள் அம்மாவுக்கு ஒரு சட்டச் சிக்கல். 'ஒண்ணுமில்லைன்னு வந்தா வெள்ளியில கழுத்து' என்று வைத்தியநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்றும் வரவில்லை, இருக்கிறது என்றும் வரவில்லை. கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா? "சாமிக்கு அட்வான்ஸ் கொடுத்தா தப்பில்லை சம்பந்தி," என்று அத்தை தீர்ப்பளிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வைத்தீஸ்வரன்கோயில் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்தே நாடி ஜோதிட போர்டுகள். ஒருவர் விடாமல் கூடவே வந்தார். இடது கட்டைவிரல் ரேகை கொடுத்தால் போதும், எந்தக் காலத்திலேயோ முனிவர் எழுதி வைத்துவிட்டாராம், எல்லாம் ஓலையில் இருக்கிறதாம். போன வாரம் கழுத்துக்குள்ளேயே போய்ப் பார்த்த லேபுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆள்.

குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு உரு விற்கும் கடைக்கு வந்தோம். கை, கால், கண், வயிறு என்று மெல்லிய வெள்ளித் தகடுகள் தட்டில் குவிந்திருந்தன. அம்மா கழுத்து கேட்டாள்.

"கழுத்து தனியா வராதும்மா. தலை இருக்கு, முழு உடம்பு இருக்கு."

அத்தை ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார். "லேசாத்தான் இருக்கு. கட்டி வரைக்கும் எட்டாது சம்பந்தி."

"அப்ப முழு உடம்பே கொடுங்க," என்றாள் அம்மா. "பாதி தைராய்டைத்தானே எடுக்கறாங்க, மீதி உடம்பையும் சாமி பார்த்துக்கட்டும்."

"ஆணா, பொண்ணா?" என்றார் கடைக்காரர்.

அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டுலயும் ஒண்ணு போடுங்க. மாப்பிள்ளைக்குச் சுகர் இருக்கு."