எச்சில் வேறு, சளி வேறு!

ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்
கே: ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போகலாமா?

ப: டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றனவே, உள்ளே போனபின் அது எப்படி 'மட்டும்' ஆகும்? 8 முதல் 12 மணி நேரம் எதுவும் கூடாது, பச்சைத் தண்ணீரைத் தவிர. தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள், ரத்தக்குழாய் சட்டென்று கிடைக்கும். இந்த ஒரு வரியை லேபில் சொல்லாததால் நாக்கு வறண்டு வந்து உட்காருகிறவர்கள் எத்தனை பேர்!

வியாபாரி, வாணியம்பாடி
கே: முந்தின ராத்திரி பிரியாணி?

ப: ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடக் கேட்காவிட்டால் எப்படி! வழக்கமான அளவில், நேரத்தோடு சாப்பிட்டு முடியுங்கள். ஒரு நாள் பத்தியம் இருந்து லேபை ஏமாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஹெச்பிஏ1சி சோதனை சுமார் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லும், அதற்கு வெறும் வயிறுகூட வேண்டாம். நேற்றைய பட்டினியை அது மதிக்காது, தீபாவளி மைசூர்பாகை மறக்காது.

டேனரித் தொழிலாளி, ராணிப்பேட்டை
கே: சளி டப்பா கொடுத்தார்கள். துப்பிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

ப: நீங்கள் கொடுத்தது எச்சில். நுரையீரல் காசநோய்க் கிருமியை நாக்கடியில் தேடக்கூடாது. காலையில் எழுந்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை டப்பாவில் துப்புங்கள். திறந்தவெளியில், ஆள் இல்லாத இடத்தில். 1882-ல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் காக். எச்சிலைக் கொடுத்தால் அவரே வந்தாலும் கையை விரிப்பார்.

கல்லூரி மாணவி, குடியாத்தம்
கே: சிறுநீரை 'நடுவில் பிடித்து வா' என்றார்கள். விளக்கம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

ப: விளக்காமல் டப்பாவை நீட்டியவர்தான் கூச்சப்பட வேண்டும். சுத்தமாகக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதை வெளியே விட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். மிச்சம் வெளியே. டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். பையில் வைத்துக்கொண்டு வேலூர் வெயிலில் கடைவீதி சுற்றினால், கிருமி உள்ளே குடும்பமே நடத்திவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி
கே: எங்கள் ரயில் நிலையத்துக்கு மருத்துவ வரலாற்றில் இடம் உண்டா?

ப: உண்டு, 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். பிரித்த சீரத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். பிறகு கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) கொண்டுபோனார். அங்கே எலைசா சோதனையில் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 'நம் நாட்டுக்கு அது வராது' என்று பேசியவர்களுக்குப் பதில் உங்கள் ஊர் வழியாகத்தான் போனது!

பீடி சுற்றும் தாய், சின்னல்லாபுரம்
கே: குழந்தையின் மலத்தை வாங்கிக்கொண்டு போய் என்னதான் செய்கிறார்கள்?

ப: உயிர் காக்கிறார்கள். வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்து மலம் சேகரித்தது மருத்துவ ஆய்வாளர் ககன்தீப் காங்கின் குழு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் நம் குழந்தைகளைத் திரும்பத் திரும்பத் தாக்குவது 2011-ல் வெளியான அந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. 2016 முதல் அதற்கான சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல் எடுத்துக் கொடுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தாய்மார்கள் நீட்டிய டப்பாவுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

தையல் பிரிவுப் பெண், ஆம்பூர்
கே: 24 மணி நேரச் சிறுநீரை எப்போது தொடங்குவது?

ப: காலை 7 மணிக்குப் போவதைக் கொட்டிவிடுங்கள், அது நேற்றைய கணக்கு. பிறகு போவதெல்லாம் கேனுக்குள், மறுநாள் 7 மணிக்குப் போவது உட்பட. ஒரு தடவை தவறினாலும் கணக்கு போச்சு. கம்பெனிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போவானேன்? ஞாயிற்றுக்கிழமை எதற்கு இருக்கிறது!

லேப் டெக்னீஷியன், திருப்பத்தூர்
கே: எந்தக் கலர் மூடிக் குழாயில் முதலில் ரத்தம் விட்டால் என்ன?

ப: ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் உப்பு இருக்கிறது. அதில் கொஞ்சம் சிவப்பு மூடிக் குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். சிவப்பு முதலில், ஊதா பிறகு. மாற்றினால் நோயாளி நலமாக வீட்டில் இருப்பார், ரிசல்ட் மட்டும் ஐ.சி.யூ.வில் கிடக்கும்.

நர்ஸ், பேர்ணாம்பட்டு
கே: ஒருவர் ரிசல்ட் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. என்ன வழி?

ப: 'நீங்கதானே சல்மா?' என்று கேட்காதீர்கள். காத்திருந்து களைத்தவர் எதற்கும் தலையாட்டுவார். 'உங்க பேர் என்னம்மா? பிறந்த தேதி?' என்று அவரையே சொல்ல வையுங்கள். ரத்தம் எடுத்த கையோடு, அவர் எழுந்திரிக்கும் முன், அவர் கண்ணெதிரே லேபிள் ஒட்டுங்கள். தெருவுக்கு நாலு சல்மா இருக்கிற ஊரில் பெயர் மட்டும் போதாது.

மருமகள், மேல்விஷாரம்
கே: மாமிக்கு உருதுதான் வரும். லேபில் தமிழில் சொன்னதற்கெல்லாம் 'ஹாவ்' (ஆமாம்) என்று சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிச் செய்கிறார்.

ப: 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் தமிழாசிரியரும் 'ஹாவ்'தான் சொல்வார். 'நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க, சொல்லுங்கம்மா' என்று கேட்க வேண்டும், அதுவும் அவர் மொழியில். திருப்பிச் சொன்னால் புரிந்தது. சொல்லாவிட்டால், சொன்னவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

முதியவர், வேலூர்
கே: ரத்தம் எதற்கென்று கேட்டால் முறைக்கிறார்களே?

ப: முறைக்கட்டும், விடாதீர்கள். எச்.ஐ.வி. சோதனைக்கு விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்தாயிற்று. மற்றச் சோதனைகளுக்கும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையை நீட்டும் முன் வாயைத் திறங்கள்!